மூளையின் எந்த மூலையில் என்ன இருக்கிறது?

மூளையின் படத்தைக் கொடுத்து மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் ஆகிய மூன்றையும் குறிக்கச் சொன்னால், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் எந்த மாணவியும் தயங்கமாட்டாள். சிந்தனை, ஞாபகம், பேச்சு ஆகியன மூளையத்துக்கு, உடற்சமநிலை மூளிக்கு, சுவாசமும் இதயத்துடிப்பும் நீள்வளைய மையவிழையத்துக்கு என்று ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவாள். புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் அதே மாணவியின் வீட்டில் உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோனால், "அவவுக்கு மூளை குழம்பிப் போச்சு, இனி ஒன்றும் விளங்காது" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை மறுக்க அவளுக்குத் தெரிவதில்லை. புத்தகத்தில் அம்புக்குறியிட்ட பெயர்களும் கட்டிலில் படுத்திருக்கும் மனிதரும் ஒன்றோடொன்று சேர்வதேயில்லை. அவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூளை இருக்கும் இடத்தைப் பார்ப்போம். வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் வரையான நிறையுடையது. உடல் நிறையில் இது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நாம் சும்மா சாய்ந்திருக்கும்போதுகூட, உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு பிடிக்கும் உறுப்பு, தொட்டால் கலைந்துவிடும் அளவுக்கு மென்மையானது. சரியாக இறுகாத வட்டிலப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மண்டையோடு என்ற எலும்புப் பெட்டியும், அதனுள் மூன்று மென்சவ்வுகளும், அவற்றுக்கிடையே ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் மூளைய முண்ணாண் பாய்பொருளும் அதற்குக் காவலாக அமைந்துள்ளன. இப்பாய்பொருளில் மூளை மிதக்கிறது. 1400 கிராம் நிறையுள்ள மூளை அதில் மிதக்கும்போது 50 கிராம் அளவுக்கே கனக்கிறது.

இக்காவல் அன்றாட அசைவுகளுக்குப் போதும். தார் வீதிக்குப் போதாது. வேகமாகச் செல்லும் மோட்டார் சைக்கிள் திடீரென நின்றால் மண்டையோடு நின்றுவிடும். உள்ளே மிதக்கும் மூளை நிற்காமல் முன்சென்று எலும்பில் மோதும். நானா தலைக்கவசம் அணிந்திருக்க, பின்னால் இருக்கும் தங்கை "பர்தாவுக்கு மேல் அது சரியாக நிற்காது" என்று வெறுந்தலையுடன் போவதை எமது ஊர்களில் நாள்தோறும் காண்கிறோம். பின் இருக்கையில் இருப்பவரின் மூளையும் அதே வட்டிலப்பம்தான்.

மனிதனின் அறிவு உடலில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி மிகப் பழையது. அரிஸ்டோட்டில் அது இதயத்தில் இருப்பதாக எண்ணினார். மூளை உடற்சூட்டைத் தணிக்கும் உறுப்பு என்பது அவரது கருத்து. கிரேக்க மருத்துவர் காலென் அதை மறுத்து மூளையையே சுட்டினார். காலெனைக் கற்று மேலே சென்ற இப்னு ஸீனா (980–1037), மூளையின் உள்ளே இருக்கும் வெற்றறைகளில் ஆற்றல்களைப் பங்கிட்டார். ஐம்புலன்களின் செய்திகள் ஒன்றுசேர்வதும் கற்பனையும் முன்னறையில், சிந்தனை நடுவறையில், ஞாபகம் பின்னறையில். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அவரது 'அல்கானூன்' நூற்றாண்டுக்கணக்கில் பாடநூலாக இருந்தது. அந்த அறைகளில் இருப்பது பாய்பொருள் மட்டுமே என்பதை நாம் இன்று அறிவோம். ஆகவே அவர் குறித்த இடங்கள் பிழை. ஆனால் மனித மனம் ஒரே கட்டியாக இல்லை, அதன் வெவ்வேறு ஆற்றல்கள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன என்ற எண்ணம் பிழைக்கவில்லை. அதை நிரூபிப்பதற்குப் பின்னும் எண்ணூறு ஆண்டுகள் சென்றன. நிரூபித்தவையும் பெரும்பாலும் விபத்துகளும் நோய்களும்தான்.

மூளையின் மிகப் பெரிய பகுதி மூளையம். அது வலம், இடம் என இரண்டு அரைக்கோளங்களாகப் பிரிந்திருக்கிறது. தடித்த நரம்பு நார்க்கட்டு ஒன்று இரண்டையும் இணைக்கிறது. வல அரைக்கோளம் உடலின் இடப்பக்கத்தையும், இட அரைக்கோளம் வலப்பக்கத்தையும் ஆள்கிறது. இந்த மாறாட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். மூளையத்தின் வெளிப்படை 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புத்தான். மடிப்பு மடிப்பாக அது சுருங்கியிருப்பதால் மண்டையோட்டினுள் அடங்கியிருக்கிறது. விரித்தால் ஏறத்தாழ 2000 சதுர சென்ரிமீற்றர் பரப்பு வரும். ஒவ்வோர் அரைக்கோளத்திலும் நான்கு சோணைகள் உள்ளன: நெற்றிக்குப் பின்னால் நுதற்சோணை, உச்சியில் சுவர்ச்சோணை, காதோரம் கடைநுதற்சோணை, பிடரிப் பக்கம் பிடர்ச்சோணை.

நுதற்சோணை என்ன செய்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர் ஒரு புகையிரதப் பாதைத் தொழிலாளி. 1848 செப்டெம்பர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், 25 வயதான பினியஸ் கேஜ் பாறையை உடைப்பதற்காகத் துளையொன்றில் வெடிமருந்தை இரும்புக்கம்பியால் இடித்துக்கொண்டிருந்தார். மருந்து எதிர்பாராமல் வெடித்தது. ஒரு மீற்றருக்கு மேல் நீளமும் 6 கிலோகிராம் நிறையும் கொண்ட அக்கம்பி, அவரது இடக் கன்னத்தின் கீழாகப் புகுந்து உச்சந்தலையால் வெளியேறிப் பல அடிகள் தள்ளி விழுந்தது. அவர் இறக்கவில்லை. சிறிது நேரத்திற் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தே ஊருக்குள் வந்தார். பார்வை ஒரு கண்ணில் மட்டும் போயிற்று. நடை, பேச்சு, கணக்கு எல்லாம் இருந்தன. ஆனால் அவருக்கு மருத்துவம் செய்த ஹார்லோ என்ற வைத்தியர் வேறொன்றைக் கவனித்தார். நிதானமும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயரெடுத்திருந்த அந்த இளைஞர், இப்போது பொறுமையற்றவராக, வாயில் வந்ததைப் பேசுபவராக, ஒரு திட்டத்தைத் தொடங்கி மறுகணமே கைவிடுபவராக இருந்தார். நண்பர்கள் இது பழைய கேஜ் இல்லை என்றார்கள்.

திட்டமிடுதல், விளைவை எண்ணிப் பார்த்தல், கோபத்தை அடக்குதல், சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லாமல் இருத்தல் ஆகியவற்றில் நுதற்சோணையின் முற்பகுதிக்குப் பெரும் பங்குண்டு என்பது இவ்வாறுதான் தெரியவந்தது. கேஜின் கதையை இத்துடன் நிறுத்திவிடுவது பலரது வழக்கம். அது முழு உண்மையன்று. அவர் பின்னர் சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் நீண்ட தூரக் குதிரை வண்டி ஓட்டினார். நேரம் தவறாமல், பல குதிரைகளை ஒருமிக்கச் செலுத்த வேண்டிய தொழில் அது. ஒழுங்கான வேலையும் காலமும் சேர்ந்து, இழந்ததில் ஒரு பகுதியையேனும் மீட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. மூளையின் பகுதிகளுள் கடைசியாக முதிர்பவற்றுள் ஒன்று இந்த நுதற்சோணையின் முற்பகுதி. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது முதிர்ந்துகொண்டே இருக்கிறது. "பதினாறு வயதாகியும் யோசிக்காமல் பேசுகிறாளே" என்று குறைப்படும் தாய்மார், யோசிப்பதற்கான இடம் இன்னும் கட்டி முடியவில்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம். மகள்மாருக்கு இது சாட்டு அன்று. கட்டடம் நடக்கும்போதுதான் பழக்கங்களும் அத்திவாரத்தில் சேர்கின்றன.

சுவர்ச்சோணை தொடுகை, சூடு, குளிர், உடலின் நிலை ஆகிய செய்திகளைப் பெறுகிறது. அதற்கு முன்னால், நுதற்சோணையின் பின் விளிம்பில், தசைகளுக்குக் கட்டளையிடும் பட்டி இருக்கிறது. கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வலிப்பு நோயாளர்களை விழித்திருக்கச் செய்தே மூளையைத் திறந்து, சிறு மின்னோட்டத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். மூளை உடல் முழுவதன் வலியையும் உணர்கிறது; தன்னைத் தொட்டால் அதற்கு வலிப்பதில்லை. ஓரிடத்தைத் தொட்டால் விரல் அசைந்தது. மற்றோரிடத்தைத் தொட்டால் உதடு கூசியது. அவர் வரைந்த வரைபடத்தில் முழு முதுகுக்கும் கிடைத்த இடம் சிறியது. விரல்களுக்கும் உதடுகளுக்கும் கிடைத்ததோ மிகப் பெரியது. ஊசியில் நூல் கோக்கும் விரலுக்கு மூளை அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது.

பார்வையின் இடம் கண்ணுக்கு மிகத் தொலைவில், தலையின் பின்புறத்தில், பிடர்ச்சோணையில் இருக்கிறது. 1904–1905 ரஷ்ய–ஜப்பானியப் போரில், பின்னந்தலையில் துப்பாக்கிக் குண்டு துளைத்தும் உயிர்தப்பிய படைவீரர்களை இனோயே என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் சோதித்தார். கண்கள் பழுதில்லை, ஆனாலும் அவர்கள் காணும் காட்சியில் ஒரு துண்டு இல்லாமற் போயிருந்தது. குண்டு பட்ட இடத்தையும் மறைந்த துண்டையும் பொருத்திப் பார்த்தே அவர் பார்வையின் வரைபடத்தை அமைத்தார். கண்ணாடி மாற்றியும் ஒரு பக்கம் தெரியவில்லை என்று சொல்லும் முதியவரின் குறை சில வேளைகளில் கண்ணில் இல்லை என்பது இதனால்தான்.

இனிப் பேச்சுக்கு வருவோம். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள வைத்தியசாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு நோயாளியால் "டான்" என்ற ஓர் அசையை மட்டுமே சொல்ல முடிந்தது. எதைக் கேட்டாலும் "டான், டான்". ஆனால் கேட்பது அவருக்கு விளங்கியது. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர் என்றால் கைவிரல்களை விரித்து விரித்துக் காட்டினார். 1861இல் அவர் இறந்தபோது போல் புரோக்கா என்ற வைத்தியர் மூளையைப் பரிசோதித்தார். இட நுதற்சோணையின் ஓரிடம் பழுதடைந்திருந்தது. சொற்களை ஒழுங்குபடுத்தி உச்சரிக்க வைக்கும் அந்த இடத்துக்கு இன்றும் அவரது பெயரே வழங்குகிறது. 1874இல் வெர்னிக்கே என்ற ஜேர்மனிய வைத்தியர் வேறோர் இடத்தைக் காட்டினார். இடக் கடைநுதற்சோணையின் பின்பகுதியான அது பழுதுபட்டால் நிலைமை தலைகீழ்: நோயாளி தடையின்றிப் பேசுவார், ஆனால் பேச்சில் பொருளிராது, பிறர் சொல்வதும் சரியாக விளங்காது.

இப்போது அந்த மாறாட்டத்தை நினைவுபடுத்துங்கள். பெரும்பாலானோருக்கு மொழியின் இடம் இட அரைக்கோளம். உடலின் வலப்பக்கத்தை ஆள்வதும் அதே அரைக்கோளம். ஆகவே அங்கு இரத்தம் தடைப்பட்டால் வலது கையும் காலும் விழுவதோடு பேச்சும் போகக்கூடும். உம்மம்மாவின் வலக்கையும் வாயும் ஒன்றாக நின்றுபோனது தற்செயலன்று, இரண்டும் அயல்வீட்டுக்காரர்.

இந்தப் பேச்சிழப்பை எமது வீடுகளில் எவ்வாறு நடத்துகிறோம்? வருகிறவர்கள் காது கேளாதவரிடம் பேசுவது போல உரத்துக் கத்துகிறார்கள். இல்லையேல் அவருடைய கட்டிலருகிலேயே அவரைப் பற்றி, அவர் இல்லாதது போலப் பேசுகிறார்கள்: யார் பார்ப்பது, காணி யாருக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு. புரோக்காவின் நோயாளி போல அத்தனையும் விளங்கிக்கொண்டு, ஒரு சொல் திருப்பிச் சொல்ல முடியாமல் அவர் படுத்திருக்கக்கூடும். இதைவிடக் கொடுமையான ஒன்று இருக்கிறது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாய் வராத அதே மனிதர், ஒருவர் ஸலாம் சொன்னதும் முழுமையாகப் பதில் சொல்லிவிடுவார். பிஸ்மில்லாஹ் சொல்வார். பாத்திஹா ஸூராவைத் தொடங்கிக் கொடுத்தால் இறுதிவரை ஓதிவிடவும் கூடும். உடனே வீட்டில் ஒருவர், "ஓதத் தெரியுது, பேசத் தெரியாதா? இது நடிப்பு" என்பார்.

அது நடிப்பன்று. ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்து புதிய வாக்கியத்தை அமைப்பது ஒரு வேலை. சிறுவயது முதல் ஆயிரக்கணக்கான தடவை சொல்லிப் பழகிய தொடரை அப்படியே விடுவது வேறொரு வேலை. ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது, கிழமை நாட்களைச் சொல்வது, பிரார்த்தனை, பாட்டு ஆகியன பேச்சிழந்தோரிடமும் பெரும்பாலும் தப்பிப் பிழைப்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர்கள் நன்கு அறிவார்கள். இவற்றுக்கு வல அரைக்கோளமும் மூளையின் ஆழ்ந்த பகுதிகளும் கைகொடுக்கின்றன. அத்தகையவரிடம் குறுகிய வாக்கியங்களில், வழமையான குரலில் பேச வேண்டும்; தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும்; "என்ன வேணும்?" என்று கேட்பதைவிட, குவளையைக் காட்டி "தண்ணி வேணுமா?" என்று கேட்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் தேடும் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக்கூடாது.

புரோக்காவைப் பற்றி இன்னொன்றும் எமது மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். பேச்சின் இடத்தைக் கண்ட அதே மேதை, மூளைகளைத் தராசில் நிறுத்து, பெண்ணின் மூளை சராசரியில் சிறியது, அதற்கு அவளது அறிவுக் குறைவும் ஒரு காரணம் என்றார். நிறையில் வித்தியாசம் இருப்பது உண்மையே. சராசரியாக நூற்றுக்குப் பத்தளவில் இருக்கும். ஆனால் நிறை அறிவின் அளவுகோலாயின், 4 கிலோகிராமுக்கு மேல் மூளை கொண்ட யானை எம் எல்லோருக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும். ஐன்ஸ்டைனின் மூளை 1230 கிராம்தான். சராசரி ஆணினதைவிடக் குறைவு. நாம் மூளையில் பத்திலொரு பங்கையே பயன்படுத்துகிறோம் என்ற பேச்சும் இத்தகையதே. பயன்படாத தொண்ணூறு பங்கை எந்த வைத்தியரும் கண்டதில்லை. சிறு இடம் பழுதுபட்டாலும் என்ன நேர்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

ஞாபகத்தின் கதையை அவிழ்த்தவர் ஒரு பெண். 1953இல் அமெரிக்காவில், ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பைத் தணிப்பதற்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. இரு பக்கக் கடைநுதற்சோணைகளின் உட்புறத்திலிருந்த ஹிப்போகம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவரால் புதிதாக எதையும் மனதில் நிறுத்த முடியவில்லை. சிறுவயது நினைவுகள் இருந்தன; அறிவும் பேச்சும் குறையவில்லை; சற்று முன் கண்டவரோ அவருக்குப் புதியவர். இங்கிலாந்தில் பிறந்து மொன்றியலில் பணியாற்றிய பிரெண்டா மில்னர் அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் தம்மைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மில்னர் அவரிடம் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையச் சொன்னார். எவருக்கும் முதலில் கை தடுமாறும் வேலை அது. மூன்று நாட்கள் பயிற்சி நடந்தது. மூன்றாம் நாள் அவர் நேர்த்தியாக வரைந்தார். ஆனால் முன்பு வரைந்தது அவருக்கு நினைவில்லை. கைக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கு இல்லை. ஞாபகம் ஒரே பெட்டியில் இல்லை என்பது அன்று தெளிவாயிற்று. நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் பதிய ஹிப்போகம்பஸ் வேண்டும். கைத்திறன்களுக்கு வேறு இடங்கள் உண்டு. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் ஹிப்போகம்பஸ் ஒன்று. காலையில் சாப்பிட்டதை மறந்து "எனக்கு ஒன்றும் தரவில்லை" என்று வந்தவரிடம் முறையிடும் மூத்தம்மா, ஐம்பது வருடத்துக்கு முந்திய கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்வார். மருமகளை அவமானப்படுத்துவதற்காக அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலை உணவு அவரது மூளையில் எழுதப்படவேயில்லை. ஆனால் கையில் பன்னைக் கொடுத்தால் பாய் இழைக்கும் விரல்கள் தாமாகவே ஓடக்கூடும்.

பரீட்சைக்குப் படிப்போருக்கும் ஹிப்போகம்பஸ் ஒரு செய்தி வைத்திருக்கிறது. பகலில் அது பதிந்தவற்றை, நாம் ஆழ்ந்து உறங்கும்போது மீட்டி, மூளையத்தின் வெளிப்படையில் நிலைபெறச் செய்கிறது. இரவு முழுவதும் விழித்து மூன்று அலகுகளை முடித்த மாணவி, எழுதிய தாள்களைக் கோப்பில் போடாமல் காற்றில் விட்டவள் ஆவாள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வரை உறக்கம் தேவை. எமது பிள்ளைகள் சுபஹ் தொழுகைக்கு எழும்புகிறவர்கள். ஆகவே கணக்கைப் படுக்கைக்குப் போகும் நேரத்தில்தான் சரிசெய்ய வேண்டும். இரவு பத்து மணி வரை பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் இதையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.

கைத்திறன் என்றதும் மூளியை மறக்க முடியாது. பிடரியின் அடியில், மூளையத்துக்குக் கீழ் ஒளிந்திருக்கும் இச்சிறு பகுதியின் நிறை மூளையின் பத்திலொரு பங்கு. ஆனால் மூளையிலுள்ள ஏறத்தாழ 8600 கோடி நரம்புக்கலங்களில் ஐந்தில் நான்கு பங்கு இங்கேதான் குவிந்திருக்கிறது. உடல் அசைவுகளைத் தொடங்கி வைப்பது மூளியின் வேலையன்று. தொடங்கிய அசைவை அளந்து திருத்துவதே அதன் வேலை. முதலாம் உலகப் போரில் பின்னந்தலையில் காயம்பட்ட வீரர்களைப் பரிசோதித்த கோர்டன் ஹோம்ஸ் என்ற வைத்தியர், அவர்களது தசைகளில் பலம் இருந்தும், நீட்டிய கை பொருளைத் தாண்டிச் செல்வதையும், இலக்கை நெருங்க நெருங்க நடுங்குவதையும், நடை தள்ளாடுவதையும் விவரித்தார். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே துணியை நேராக நகர்த்தும் உம்மாவின் காலுக்கும் கைக்கும் இடையே இருக்கும் ஒத்திசைவை மூளிதான் காத்துத் தருகிறது.

மூளையின் அடியில் முண்ணாணோடு சேரும் இடத்தில் இருப்பது நீள்வளைய மையவிழையம். ஒரு விரல் நீளமும் இல்லை. ஆனால் மூளையத்தின் ஒரு பெரும் துண்டை இழந்தும் வாழ்ந்தவர்கள் உண்டு. இதை இழந்தவர் உடனே சுவாசத்தை இழக்கிறார். சுவாசம், இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், விழுங்குதல், இருமல், வாந்தி எல்லாம் அதன் பொறுப்பில் உள்ளன. மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் எவ்வளவு பிடிவாதக்காரியும் தோற்றுப்போவாள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறுவதை அறிந்து இப்பகுதி உங்கள் விருப்பத்தை மீறிக் கட்டளையிட்டுவிடும்.

அதற்கு மேலே, மூளையின் நடுவில், பெருவிரலின் நுனியளவான பரிவகக்கீழ் இருக்கிறது. நோன்பு நாட்களில் அதன் வேலையை நாமே உணரலாம். அஸர் ஆகும்போது உடலில் நீர் குறைந்து இரத்தத்தின் உப்புச் செறிவு ஏறுகிறது. பரிவகக்கீழிலும் அதை ஒட்டியும் உள்ள கலங்கள் இதை உணர்ந்து தாகத்தை உண்டாக்குகின்றன. கபச்சுரப்பியின் வழியாக ஓர் ஓமோனை வெளியேற்றிச் சிறுநீரகங்களிடம் நீரைச் சேமிக்கச் சொல்கின்றன. சிறுநீர் குறைந்து நிறம் கடுமையாவது அதனால்தான். நோன்பு துறந்து முதல் குவளையைக் குடித்த சில நிமிடங்களிலேயே தாகம் அடங்கிவிடுகிறது அல்லவா? குடித்த நீர் அதற்குள் முழுமையாக இரத்தத்தில் சேர்ந்திருக்காது. வாயும் தொண்டையும் அனுப்பிய செய்தியை நம்பி, நீர் வந்துகொண்டிருக்கிறது என்று மூளை முன்கூட்டியே தாகத்தை நிறுத்துகிறது.

இவ்வளவும் நடப்பது இரத்தம் தடையின்றி ஓடும்வரைதான். குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவது பாரிசவாதம். பெரிய குழாயொன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் இறக்கின்றன. முகத்தின் ஒரு பக்கம் தொங்குகிறதா, இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று கீழே விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் போதும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், காலையில் கொண்டுபோவோம் என்று காத்திருக்கக்கூடாது. வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றவும் கூடாது. விழுங்கும் ஆற்றல் பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடைபட்ட குழாயில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனால் தலையை ஸ்கேன் செய்து, இரத்தக் கசிவு இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே, அதுவும் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்தான், பொருத்தமான நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கலாம்.

அதனால் வைத்தியசாலையில் முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "கடைசியாக இவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு?" என்பது. உறக்கத்திலிருந்து எழும்பும்போதே கை விழுந்திருந்தால், முந்தின இரவு படுக்கப் போன நேரத்திலிருந்தே கணக்கு. பதற்றத்தில் பெரியவர்களுக்கு இது நினைவிராது. வீட்டில் இருக்கும் மாணவி அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி, அம்புலன்ஸில் ஏறுபவரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.